எண்ணெய் வயலும் கேரிபூ மந்தையும்: ஈற்று நிலத்தில் என்ன நடக்கிறது?

அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்க்கு அடியில் கேரிபூ மான்கள் சாவகாசமாக நிற்கும் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். "பாருங்கள், மானுக்கு ஒரு குறையுமில்லை" என்பார் ஒருவர். "சிக்கிக்கொண்டு தவிக்கிறது" என்பார் இன்னொருவர். படத்தில் பொய் எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எடுத்தது எந்த மாதம்? நிற்பது ஆணா, கன்றோடு இருக்கும் பெண்ணா? ஜூலைக் கடைசியில் குழாயின் நிழலில் ஒதுங்கும் ஆண் மானை வைத்து, ஜூன் முதல் வாரத்தில் மூன்று நாள் கன்றுடன் நிற்கும் தாய் என்ன செய்யும் என்று சொல்லிவிட முடியாது. எண்ணெய்த் தொழில் இந்த மந்தைகளை என்ன செய்கிறது என்பதில் உள்ள குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவதே.

முதலில் மானைப் பற்றி

கேரிபூவும் ரெயின்டீரும் ஒரே இனம்தான். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ரெயின்டீர் என்பதை வட அமெரிக்காவில் கேரிபூ என்கிறார்கள். மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இதற்கு மட்டுமே உள்ள வழக்கம். ஆண் மான்களின் கொம்பு இணைசேரும் காலம் முடிந்ததும் விழுந்துவிடும். சினையாக இருக்கும் பெண்ணோ கன்று ஈனும் வரை அதை வைத்திருக்கும். பனியைத் தோண்டி எடுத்த இரையை மற்ற மான்களிடமிருந்து காத்துக்கொள்ள அது உதவுகிறது. பழந்தமிழில் ஆண் மானுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை என்று பெயர். இந்தக் கதையில் முக்கியப் பாத்திரம் பிணைதான் என்பதால் அந்தச் சொல்லையே இங்கே பயன்படுத்துகிறோம்.

அலாஸ்காவின் வடசரிவில், அதாவது புரூக்ஸ் மலைத்தொடருக்கும் ஆர்க்டிக் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில், நான்கு பெரிய மந்தைகள் உண்டு. மேற்கிலிருந்து கிழக்காகச் சொன்னால்: மேற்கு ஆர்க்டிக் மந்தை, டெஷெக்புக் மந்தை, மத்திய ஆர்க்டிக் மந்தை, போர்க்யூபைன் மந்தை. மந்தைகளைப் பிரித்து அறிவது அவை குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்தை வைத்து அல்ல. குளிர்காலத்தில் பக்கத்து மந்தைகள் கலந்துவிடுவது சகஜம். எந்த நிலத்தில் போய்க் கன்று ஈனுகின்றனவோ அதுதான் மந்தையின் அடையாளம். ஒரு பிணை ஆண்டு முழுக்க எங்கு திரிந்தாலும், மே மாதம் வந்தால் தன் மந்தையின் ஈற்று நிலத்தை நோக்கித் திரும்பும். ஓர் ஆண்டில் அது நடக்கும் தூரத்தைக் கூட்டினால் 2,000 கிலோமீட்டரைத் தாண்டும்.

ஓர் ஆண்டு எப்படிப் போகிறது

அக்டோபரில் இணைசேரல். ஏழரை மாதச் சினை. மே கடைசியிலிருந்து ஜூன் நடுவுக்குள் ஏறத்தாழ எல்லாப் பிணைகளும் கன்று ஈன்றுவிடும். ஒரு பிணைக்கு ஒரே கன்று. பிறக்கும்போது சுமார் 6 கிலோ எடை இருக்கும் கன்று, ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். பத்துப் பதினைந்து நாளில் அதன் எடை இரண்டு மடங்காகிவிடும். இவ்வளவு வேகமாக வளர, தாயிடம் கொழுப்பும் புரதமும் நிறைந்த பால் வேண்டும். குளிர்காலம் முழுக்க லைக்கன் என்ற பாசி போன்ற உயிரியைத் தின்று மெலிந்துபோன தாய்க்கு அந்தப் புரதம் எங்கிருந்து வரும்? பனி உருகிய உடனே தலைகாட்டும் பருத்திப்புல்லின் மொட்டு, பிறகு குள்ள வில்லோவின் இளந்தளிர், இவற்றிலிருந்துதான். இந்தத் தளிர் சத்துள்ளதாக இருப்பது சில நாட்களே. பிறகு நார் ஏறிவிடும். எனவே கன்று பிறக்கும் நாளும் தளிர் விடும் நாளும் ஒத்துவர வேண்டும்.

ஈற்று நிலம் என்பது இந்தக் கணக்குக்குப் பொருந்தும் இடம். கடற்கரைச் சமவெளியில் தளிர் சரியான நேரத்தில் கிடைக்கிறது. ஓநாய், பழுப்புக் கரடி, பொன்னாங்கழுகு ஆகிய மூன்றும் மலையடிவாரத்தில்தான் மிகுதி, சமவெளியில் குறைவு. தளிரும் பாதுகாப்பும் ஒருங்கே கிடைக்கும் இடத்தைத் தாய் தேர்ந்தெடுக்கிறது.

ஜூன் கடைசியில் கொசு வரும். ஆர்க்டிக் கொசுவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் மிகையில்லை. காற்றில்லாத, வெதுவெதுப்பான நாளில் மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு, காற்று வரும் திசையை நோக்கி நடக்கத் தொடங்கும். போகும் இடம் கடற்கரை, ஆற்றுக் கழிமுகம், சரளைத் திட்டு. வெப்பம் 6, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலோ காற்று பலமாக வீசினாலோ கொசு அடங்கும். உடனே மான்கள் உள்நாட்டு மேய்ச்சலுக்குத் திரும்பும். ஜூலை நடுவில் அதைவிடப் பெரிய தொல்லை: இரண்டு வகை ஈக்கள். ஒன்று மானின் மயிரில் முட்டையிடும்; புழு தோலுக்கு அடியில் குளிர்காலம் முழுக்க இருந்து, அடுத்த ஆண்டு துளை போட்டு வெளியே வரும். மற்றொன்று மூக்கில் புழுக்களைப் பீய்ச்சிவிடும். அவை தொண்டையில் வளரும். இந்த ஈக்களுக்குப் பயந்து மான்கள் தலையைத் தொங்கப்போட்டு அசையாமல் நிற்கும்; திடீரென்று வெறிபிடித்ததுபோல் ஓடும். மேய்ச்சல் நேரம் இரண்டு வழியிலும் போகிறது.

இந்த ஈக்கள் நிழலுக்கு அதிகம் வருவதில்லை. செடியில்லாத ஜல்லித் தளத்திலும் தொல்லை சற்றுக் குறைவு. முதலில் சொன்ன புகைப்படம் பெரும்பாலும் இந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது.

எண்ணெய் வயல் என்றால் கண்ணுக்கு என்ன தெரியும்?

புரூடோ பே வயல் 1968-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 1977-ல் அங்கிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை சுமார் 1,287 கிலோமீட்டர் நீளக் குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. அதற்கு மேற்கே குபாருக் வயல் 1981-ல் உற்பத்திக்கு வந்தது.

அங்கே நிலத்துக்கு அடியில் மண் எப்போதும் உறைந்தே இருக்கும். மேலே உள்ள பாசிப் போர்வையைக் கலைத்தால் அடியிலுள்ள பனி உருகி நிலம் குழியும். அதனால் எதைக் கட்டினாலும் முதலில் ஒன்றரை மீட்டர் அளவுக்குச் சரளை கொட்டி மேடாக்கி, அதன்மேல்தான் கட்ட வேண்டும். கிணறுகள் நிற்கும் சரளைத் தளம், தளங்களை இணைக்கும் சரளைச் சாலை, விமான ஓடுபாதை, பதப்படுத்தும் நிலையம், சரளை தோண்டும் குழி என எல்லாம் அப்படித்தான். கிணற்றிலிருந்து வரும் எண்ணெய் சூடாக இருப்பதால் குழாயைப் புதைக்க முடியாது. புதைத்தால் நிலம் உருகும். ஆகவே கால்களை ஊன்றி, குழாயை அவற்றின்மேல் தூக்கி வைக்கிறார்கள். வால்டீஸ் செல்லும் பெரிய குழாயில் பாதிக்கும் மேற்பட்ட நீளம் இப்படித் தரைக்கு மேலேதான் போகிறது.

1970-களில் எல்லோருக்கும் இருந்த பயம் குழாயைப் பற்றியதுதான். அது ஒரு மதில்போல மந்தையை மறித்துவிடும் என்று நினைத்தார்கள். குழாயின் அடிப்பகுதி தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஒன்றரை மீட்டர் இருந்தால் மான் அடியில் போகும். ஆனால் குளிர்காலத்தில் குழாயின் அடியில் பனி குவிந்து இடைவெளி குறையும். குழாய்க்குக் கீழ் போக மறுக்கும் மான்களும் உண்டு. பின்னர் வந்த திட்டங்களில் 2.1 மீட்டர் உயரம் வழக்கமாயிற்று. தனியாக நிற்கும், உயரமான ஒரு குழாய் பெரிய தடை இல்லை என்பது இன்று ஏறத்தாழத் தெளிவு.

தடை எங்கே உருவாகிறது என்றால், குழாயை ஒட்டியே சாலை ஓடும் இடத்தில். மணிக்குச் சுமார் 15 வண்டிக்கு மேல் போகும் சாலையை ஒட்டிக் குழாயும் இருந்தால், கடக்க முயலும் கூட்டங்களில் பல திரும்பிவிடுகின்றன என்று 1980-களின் ஆய்வுகளிலேயே தெரிந்தது. மான் குழாயைப் பார்த்துத் தயங்கி நிற்கிறது, அந்த நேரத்தில் லாரி வருகிறது, கூட்டம் கலைகிறது. இரண்டும் தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றாகச் சமாளிக்கும். அதனால்தான் இப்போது சாலைக்கும் குழாய்க்கும் இடையே குறைந்தது 150 மீட்டர் விடச் சொல்கிறார்கள்.

விலகு தூரம்

குழாய் மதிலாகவில்லை என்று நிம்மதி அடைந்த காலத்தில்தான் வேறொன்று கண்ணில் பட்டது. குபாருக் பகுதியில் மில்ன் பாயின்ட் சாலை போடுவதற்கு முன்பும் பின்பும், ஈற்றுக் காலத்தில் ஹெலிகாப்டரில் சென்று மான்களை எண்ணினார்கள். சாலை வந்த பிறகு அதிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் மான்களின் அடர்த்தி முன்பு இருந்ததில் ஏறத்தாழக் கால் பங்காகக் குறைந்திருந்தது. 5, 6 கிலோமீட்டர் தள்ளி அடர்த்தி கூடியிருந்தது. அதாவது மான்கள் சாகவில்லை, காணாமல் போகவுமில்லை, தள்ளிப்போய்விட்டன. தள்ளிப்போனவற்றில் மிகப் பெரும்பாலானவை கன்றோடு இருந்த பிணைகள். ஆண்களும் கன்றில்லாத பெண்களும் சாலையைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. சொல்லப்போனால், மே மாதத்தில் சாலைத் தூசி படிந்து கறுத்த பனி சீக்கிரம் உருகுவதால், சாலையோரத்தில் முதலில் துளிர்க்கும் புல்லை மேய அவை அங்கே வரவும் செய்கின்றன.

சாலை ஒன்றாக இருக்கும் வரை இந்தக் கதை. வலைபோலப் பின்னினால் வேறு. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 0.3 கிலோமீட்டர் வரை சாலை இருந்த இடங்களிலேயே ஈற்றுக்கால அடர்த்தி 63 சதவீதம் குறைந்திருந்தது, 0.6 முதல் 0.9 கிலோமீட்டர் வரை சாலை இருந்த இடத்தில் 86 சதவீதம் குறைவு. முதல் சாலைதான் அதிகம் கெடுக்கிறது. அதன்பின் வருபவை மிச்சத்தைத் துடைக்கின்றன.

"பழகிவிடாதா?" என்பது அடுத்து எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்வி. புரூடோ பே தொடங்கி நாற்பது ஆண்டு கழித்து, ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டிய மத்திய ஆர்க்டிக் பிணைகளின் நடமாட்டத்தை ஆய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். ஈற்றுக் காலத்தில் கட்டுமானங்களிலிருந்து 5 கிலோமீட்டர் வரையும், ஈற்றுக்குப் பிந்திய வாரங்களில் 2 கிலோமீட்டர் வரையும், கொசுப் பருவத்தில் 1 கிலோமீட்டர் வரையும் அவை அந்த நிலத்தைக் குறைவாகவே பயன்படுத்தின. எண்ணெய் வயலுக்கு நடுவே பிறந்து வளர்ந்த தலைமுறைகளின் நடத்தை இது. கோடை நகர நகரக் கூச்சம் குறைகிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கன்று பிறந்ததும் மறுபடி முழுதாகத் திரும்பி வருகிறது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பது நல்லது. 10 கிலோமீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சரளைச் சாலை. சரளை மூடிய பரப்பு 0.1 சதுர கிலோமீட்டர்தான். இருபுறமும் 4 கிலோமீட்டர் தாய்மான் விலகுகிறது என்றால், 10 × 8 = 80 சதுர கிலோமீட்டர்; இரு முனைகளிலும் வரும் அரைவட்டங்கள் சேர்ந்து இன்னொரு 50. மொத்தம் 130 சதுர கிலோமீட்டர், அதாவது சரளைப் பரப்பைப்போல 1,300 மடங்கு. இந்த 130-லும் ஒரு மான்கூட இருக்காது என்று பொருளில்லை. சாலைக்கு அருகே மிகக் குறைவு, தள்ளிப்போகப் போக ஏறும். ஆனாலும் "நாங்கள் மூடுவது வெறும் 2,000 ஏக்கர்" என்று ஒரு திட்டம் சொல்லும்போது, அது சரளையின் கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மானின் கணக்கு வேறு.

தள்ளிப்போனால் என்ன?

நிலம் பரந்து கிடக்கிறதே, சற்றுத் தள்ளி மேய்ந்தால் என்ன குறைந்துவிடும்? இதற்கான பதில் பிணையின் உடலில் இருக்கிறது.

அக்டோபரில் ஒரு பிணை சினைப்படுமா என்பது பெரும்பாலும் அந்த இலையுதிர்காலத்தில் அதன் எடையைப் பொறுத்தது. எடை ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் அந்த ஆண்டு சினைப்படாமல் விட்டுவிடும். எடை கூட்டிக்கொள்ளக் கிடைப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சில வாரங்கள். அதிலும் பால் கொடுக்க வேண்டும், கொசுவுக்கும் ஈக்கும் ஓட வேண்டும். இந்த வரவு செலவில் பெரிய மிச்சம் எதுவும் கிடையாது. தளிர் குறைந்த இடத்தில் பத்து நாள் மேய்வது, கடற்கரைக்குப் போகும் வழியில் சாலை முன்னால் அரை நாள் தயங்கி நிற்பது, விரட்டப்பட்டு ஓடுவது என ஒவ்வொன்றும் சிறு செலவு. சிறு செலவுகள் சேர்ந்து சில பிணைகளை அந்த எடைக்குக் கீழே தள்ளிவிடுகின்றன.

மத்திய ஆர்க்டிக் மந்தைக்கு ஈற்று நிலம் இரண்டு பகுதி. சாகவனிர்க்டோக் ஆற்றுக்கு மேற்கே உள்ள பகுதியில் குபாருக், மில்ன் பாயின்ட் வயல்கள் வந்தன. கிழக்குப் பகுதியில் கட்டுமானம் மிகக் குறைவு. மேற்கே கன்று ஈனும் பிணைகள் ஆண்டுக்கு ஆண்டு தெற்கு நோக்கி, தீவனம் குறைந்த நிலத்துக்கு நகர்ந்தன. கிழக்கே அப்படி நகரவில்லை. 1988 முதல் 1994 வரை ரேடியோ பட்டை மாட்டிய பிணைகளைக் கவனித்ததில், மேற்கே 64 சதவீதமும் கிழக்கே 83 சதவீதமும் கன்று ஈன்றன. ஒரே மந்தை, ஒரே குளிர்காலம், ஒரே வேட்டை. இவ்வளவு வசதியான ஒப்பீடு காட்டு விலங்கு ஆய்வில் அபூர்வமாகவே வாய்க்கும். ஆயினும் இரு பகுதிகளின் மண்ணும் தீவனமும் முழுக்க ஒன்றல்ல என்பதால், வித்தியாசம் முழுவதையும் எண்ணெயின் தலையில் கட்ட முடியாது.

"ஆனால் மந்தை பெருகியதே?"

எண்ணெய்த் தரப்பின் வலுவான வாதம் இதுதான். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியதும்கூட. 1970-களின் நடுவில் மத்திய ஆர்க்டிக் மந்தையில் சுமார் 5,000 மான்கள் இருந்தன. 2010-ல் ஏறத்தாழ 70,000. இந்த முப்பத்தைந்து ஆண்டில்தான் எண்ணெய் வயல்கள் பரவின.

எண்ணிக்கை உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. கேரிபூ மந்தைகள் எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும் அலைபோல ஏறி இறங்கும். எண்ணெய் வயலே இல்லாத நிலத்தில் கன்று ஈனும் மேற்கு ஆர்க்டிக் மந்தை 1976-ல் சுமார் 75,000, 2003-ல் 4,90,000, 2023-ல் 1,52,000. குளிர்காலப் பனியின் ஆழம், பனிமேல் மழை பெய்து லைக்கனை மூடும் ஐஸ் ஓடு, தீவனம், ஓநாய், நோய், வேட்டை என்று காரணங்கள் பல. மத்திய ஆர்க்டிக் மந்தையும் 2016-ல் சுமார் 22,000 ஆகச் சரிந்தது; பின்னர் 30,000-ஐத் தாண்டி மீண்டது. ஏறியதற்கு எண்ணெய் காரணமில்லை என்றால், இறங்கியதற்கும் எண்ணெய்தான் காரணம் என்று கை நீட்ட முடியாது. இரு தரப்பும் தங்களுக்குப் பிடித்த ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

எண்ணும் முறையையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஜூலையில் கொசுவுக்குப் பயந்து மந்தை நெருக்கிக்கொள்ளும் நாளில் விமானத்திலிருந்து படம் எடுத்து, பிறகு தலை தலையாக எண்ணுகிறார்கள். கோடை குளிர்ந்தும் காற்றோடும் இருந்தால் மந்தை நெருங்காது. அந்த ஆண்டு எண்ண முடியாது. எண்ணும் நாளில் பக்கத்து மந்தையோடு கலந்திருந்தால் கணக்கு இடம் மாறிவிடும். ஆகவே இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தை உடனே ஒரு காரணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்.

மந்தை பெருகும் நல்ல காலத்தில் எண்ணெய் வயலின் செலவு தெரியாது. ஆனால் அந்தக் காலத்திலும் அது வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது. 64-க்கும் 83-க்கும் உள்ள வித்தியாசம் மந்தை பெருகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் கிடைத்தது.

விதிகள் எங்கே உதவுகின்றன, எங்கே தோற்கின்றன

எண்ணெய்த் தொழிலும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1970-களில் கிணறுகளுக்கு நடுவே 30 மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டார்கள். ஒரு தளம் 65 ஏக்கர்கூடப் போகும். இப்போது 3 மீட்டர் இடைவெளியில் கிணறு தோண்டி, பூமிக்குள்ளே பக்கவாட்டில் பல கிலோமீட்டர் வளைத்துக்கொண்டு போகிறார்கள். ஆய்வுத் துளையிடலைக் குளிர்காலத்தில் ஐஸ் சாலை போட்டுச் செய்கிறார்கள். கோடையில் அது உருகி மறைந்துவிடும். 2000-ல் உற்பத்தி தொடங்கிய ஆல்பைன் வயலை மற்ற வயல்களோடு நிரந்தரச் சாலையால் இணைக்கவில்லை. இவை மெய்யான முன்னேற்றங்கள். சாலை இல்லாவிட்டால் ஆட்களும் பொருளும் விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் வர வேண்டும். அருகே உள்ள நுயிக்சட் ஊரின் இனுபியாட் பழங்குடி வேட்டைக்காரர்கள், அந்தச் சத்தத்தில் மான் வழி மாறிப்போகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்குகிறது.

டெஷெக்புக் ஏரியைச் சுற்றி மே 20 முதல் ஆகஸ்ட் 20 வரை கனரக இயந்திரங்களோடு பெரிய கட்டுமானம் கூடாது, மான் கடக்கும்போது வண்டிகள் நிற்க வேண்டும் என்பன போன்ற விதிகள் வந்திருக்கின்றன. சாலையைக் கடக்கும் மந்தைக்கு இவை உதவும். மணிக்கு 15 வண்டி என்பதைக் கான்வாய்களாகச் சேர்த்து அனுப்பினால் இடையே அமைதியான நேரம் கிடைக்கும். ஆனால் சாலைக்கு 4 கிலோமீட்டருக்கு அப்பால் கன்றோடு நிற்கும் தாய்க்கு, வண்டி நின்றதா ஓடியதா என்பதால் பெரிய வேறுபாடு இல்லை. அது அந்தப் பக்கமே வருவதில்லை. கடப்பதற்கான தடையைக் குறைக்கும் விதிகள் பல உண்டு. ஈற்றுக்கால விலகலைக் குறைத்துக் காட்டிய விதி இதுவரை இல்லை. தெரிந்த ஒரே வழி, அந்த நிலத்தில் கட்டாமல் இருப்பது.

டெஷெக்புக் மந்தையின் சிக்கல் இன்னொரு வகை. சுமார் 830 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரிக்கும் கடலுக்கும் இடையே, கிழக்கிலும் வடமேற்கிலும் குறுகலான நிலக் கழுத்துகள் உள்ளன. கொசுப் பருவத்தில் கடற்கரைக்குப் போகவும் வரவும் மந்தை இவற்றைத்தான் நம்பியிருக்கிறது. சமவெளியில் ஒரு சாலை வந்தால் சுற்றிப் போகலாம். கழுத்தில் வந்தால் சுற்றுவழி கிடையாது. 2023 மார்ச்சில் அனுமதி பெற்ற வில்லோ என்ற எண்ணெய்த் திட்டம் இந்த ஏரிக்குத் தெற்கே வருகிறது. கேட்டது ஐந்து துளையிடும் தளங்கள், கிடைத்தது மூன்று. வெட்டப்பட்ட தளங்களில் ஒன்று ஏரிப் பக்கம் இருந்தது தற்செயல் அல்ல.

போர்க்யூபைன் மந்தைக்கு ஒதுங்க இடம் ஏது?

புரூடோ பே அருகே மலைக்கும் கடலுக்கும் இடையே சமவெளி அகன்று கிடக்கிறது. விலகிய பிணைகளுக்குத் தெற்கே போக இடம் இருந்தது, தீவனம் சற்றுக் குறைவாக இருந்தாலும். கிழக்கே, கனடா எல்லையை நெருங்க நெருங்க, மலை கடலை நோக்கி வருகிறது. ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் கடற்கரைச் சமவெளி பல இடங்களில் சில பத்து கிலோமீட்டர் அகலம்தான். போர்க்யூபைன் மந்தையின் முக்கிய ஈற்று நிலம் அது. அங்கே 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் விலகினால் மலையடிவாரம் வந்துவிடும். கரடியும் ஓநாயும் கழுகும் அங்கேதான்.

அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை இயற்கையே சில ஆண்டுகளில் காட்டியிருக்கிறது. வசந்தம் தாமதமாகி ஆழமான பனி உருகாத ஆண்டுகளில் பிணைகள் சமவெளியை எட்ட முடியாமல் கனடாவின் யூகான் பகுதியிலேயே கன்று ஈன்றுவிடும். 2000-மும் 2001-ம் அப்படிப்பட்ட ஆண்டுகள். அத்தகைய ஆண்டுகளில் ஜூன் மாதத்தைத் தாண்டிப் பிழைக்கும் கன்றுகளின் பங்கு குறைவு. தாமதப் பனி தாயையும் வருத்தும் என்பதால் குறைவு முழுவதும் இடம் மாறியதால் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஈற்று நிலத்தைத் தவறவிடுவதன் விலை கன்றுகளில்தான் கட்டப்படுகிறது என்பது தெரிகிறது.

1989-ல் 1,78,000 ஆக இருந்த இந்த மந்தை 2001-ல் 1,23,000 ஆகக் குறைந்து, 2017-ல் 2,18,000 ஆக உயர்ந்தது. இதன் வழித்தடத்தில் அலாஸ்காவிலும் கனடாவிலும் குவிச்சின் பழங்குடி மக்களின் ஊர்கள் உள்ளன. அவர்களின் உணவும் தோலும் கொண்டாட்டமும் இந்த மான்தான். அந்தக் கடற்கரைச் சமவெளியை உயிர் தொடங்கும் புனித இடம் என்று அழைக்கிறார்கள். அங்கே கால் வைப்பதில்லை. 1988-ல் எல்லையின் இருபுறத்துக் குவிச்சின்களும் ஆர்க்டிக் வில்லேஜ் என்ற ஊரில் கூடி, அங்கே எண்ணெய் எடுப்பதை எதிர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். அதே சமவெளிக்குள் இருக்கும் காக்டோவிக் ஊரின் இனுபியாட் மக்களில் பலர் எண்ணெய் வேண்டும் என்கிறார்கள். பள்ளியும் மருத்துவமும் குடிநீரும் அந்த வருமானத்தில் வந்தவை. பழங்குடிகள் எல்லோரும் ஒரே குரல் என்று எழுதுபவர்கள் இருவரில் ஒருவரைக் கேட்காதவர்கள்.

மந்தை இரண்டு நாட்டுக்கும் சொந்தம் என்பதால் 1987-ல் கனடாவும் அமெரிக்காவும் அதைக் காக்க ஓர் ஒப்பந்தம் செய்தன. கனடா தன் பக்கத்து ஈற்று நிலத்தை 1984-லேயே இவ்வாவிக் தேசியப் பூங்காவாக்கிவிட்டது. அமெரிக்கப் பக்கம் 15 லட்சம் ஏக்கர் சமவெளி பற்றிய முடிவை 1980-ம் ஆண்டுச் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் விட்டது. 2017-ல் வந்த வரிச் சட்டம் அதை எண்ணெய்க் குத்தகை ஏலத்துக்குத் திறந்தது.

ஏல வரைபடத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பிணைகள் அடர்ந்து கன்று ஈனும் துண்டு ஆண்டுதோறும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பனி எங்கே முதலில் விலகித் தளிர் எங்கே எழுகிறதோ அங்கே நகரும். "அதிகம் பயன்படும் துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை ஏலம் விடலாம்" என்று பென்சிலால் கோடு போட்டால், இந்த ஆண்டு வெறுமையாக இருந்த துண்டில் அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கான கன்றுகள் நிற்கும். மந்தைக்கு வேண்டியது அந்தச் சமவெளியில் ஆண்டுக்கு ஆண்டு தேர்ந்தெடுக்கும் வசதி.

2021 ஜனவரியில் நடந்த முதல் ஏலத்தில் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் வரவில்லை. பெரும்பாலான துண்டுகளை அலாஸ்கா மாநிலத்தின் சொந்த முகமைதான் எடுத்தது. 2025 ஜனவரி ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டம், அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் இன்னும் நான்கு ஏலங்களாவது நடத்த வேண்டும் என்கிறது.